சொல்லியும் சனம் ஏன் வெளிக்கிடவில்லை?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்கிறேன், பிறகு வாசிக்க வருபவர்களுக்கும் விளங்க வேண்டும். உங்கள் ஊர் யாழ்ப்பாணத்தில் பரவைக்கடல் (களப்பு) ஓரம், தாழ்ந்த நிலம், எழுபது குடும்பங்கள். போன மாரியில் புயல் வருவதற்கு இரண்டு நாள் முன்பே இளைஞர் கழகத்துப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய்ச் சொன்னீர்கள். பாதிப்பேர் அசையவில்லை. நடுச்சாமத்தில் இடுப்பளவு தண்ணீருக்குள் கிழவர்களையும் குழந்தைகளையும் தூக்கி வந்தீர்கள். இப்போது வெளிநாட்டிலிருக்கும் ஊரவர்கள் கொஞ்சப் பணம் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். சனத்துக்கு விளங்கப்படுத்த ஒரு விழிப்புணர்வுக் கருத்தரங்கு வைக்கலாமா, சைரனும் ஒலிபெருக்கியும் வாங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

எனக்குப் படுவது, உங்களை உறுத்திக்கொண்டிருப்பது கருத்தரங்கு அல்ல. தெரிந்தும் ஏன் வரவில்லை என்பதுதான். அதற்கு என் பதில்: அவர்களுக்கு விளங்காமல் இல்லை. தண்ணீர் எந்தப் பக்கத்தால் ஏறும், எந்த வீட்டுக் குசினி முதலில் நனையும் என்று உங்களையும் என்னையும் விட அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். வீட்டை விட்டுப் போவதற்கு ஒரு விலை இருக்கிறது. அந்த விலையைக் குறைக்காமல் எத்தனை தரம் சொன்னாலும் பாதிப்பேர் இருந்த இடத்திலேயே இருப்பார்கள்.

நான் 2005இல், சுனாமிக்கு அடுத்த மாதங்களில், யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்கில் இந்த அனர்த்த வேலைக்குள் வந்தவன். பிறகு தீவகத்திலும் வலிகாமத்தின் கரையோரங்களிலும் கிராமக் குழுக்களோடு வேலை செய்திருக்கிறேன். பொறியியல் படித்தவனும் அல்ல, வானிலை படித்தவனும் அல்ல. ஆட்களைப் பற்றிச் சொல்வதை உறுதியாகச் சொல்வேன். வாய்க்காலையும் வானத்தையும் பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் தள்ளி வைத்துக் கேளுங்கள்.

2020 டிசம்பர் 2ஆம் திகதி, புரெவிப் புயல் வந்த நாள். பின்னேரம் ஐந்து மணியிருக்கும். உங்களுடையதைப் போன்ற ஒரு குடியிருப்பில் கடைசி வரிசை வீடு. தகரக் கூரை, முன்னுக்குக் கிடுகுப் பத்தி. அறுபது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் வாசலில் நின்றார். கையில் ஒரு பொலித்தீன் பை. உள்ளே என்ன என்று கேட்டேன், திறந்து காட்டினார்: அடையாள அட்டை, சமுர்த்தி (அரசாங்க உதவிப்பணம்) புத்தகம், பிரஷர் மாத்திரை, தோட்டை அடகு வைத்த ரசீது. அதாவது, அந்த அம்மா வெளிக்கிட ஆயத்தமாகவே நின்றார். நான் வழமைபோலப் புயல், காற்று என்று தொடங்கினேன். அவர் இடையில் மறித்தார். "தம்பி, நான் வரமாட்டன் எண்டு சொல்லேல்லை. இந்தத் தாயாட்டையும் ரெண்டு குட்டியையும் எங்கை கட்டுறது? பள்ளிக்கூடத்துக்கை விடுவினமோ?"

விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். வேறு இடமும் என்னிடம் இல்லை. "பார்ப்பம் அம்மா, நீங்கள் முதல்லை வாங்கோ" என்றேன். அந்தச் சொல்லுக்கு அவர் ஏன் வர வேண்டும்? அந்த ஆடு கிழமைக்குக் கிழமை கட்டுக்காசு கட்டும் நுண்கடனில் வாங்கியது. ஆடு போனாலும் கட்டுக்காசு நிற்காது. இரவு இரண்டு மணிக்கு வீட்டுக்குள் தண்ணீர் வந்த பிறகுதான் அவரை எடுத்தோம். தாயாட்டைப் பொடியன் ஒருவன் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். குட்டிகள் இரண்டும் போய்விட்டன. அதற்குப் பிறகு நான் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் கேட்பது ஆடு மாடு எத்தனை என்றுதான்.

உங்கள் எழுபது வீட்டிலும் இப்படி ஒவ்வொரு காரணம் இருக்கும். கடற்றொழில் வீடுகளில் அது பெரும்பாலும் எஞ்சின். வள்ளத்தைக் கரையேற்றிக் கட்டிவிடலாம். கழற்றிய எஞ்சினையும் வலையையும் வைக்கப் பூட்டுள்ள உயரமான இடம் வேண்டும், அது இல்லாவிட்டால் வீட்டுக்காரர் அதன் மேலேயே படுத்துக்கொள்வார். குமர்ப்பிள்ளைகள் உள்ள வீட்டில் காரணம் மலசலகூடம். அறுபது குடும்பத்துக்கு இரண்டு கக்கூசு, வெளிச்சம் இல்லாத பாதை, உடுப்பு மாற்ற மறைப்பில்லாத வகுப்பறை என்றால், தாய் மகளைக் கூட்டிக்கொண்டு வரமாட்டாள். வந்த பெண்களும் கக்கூசுக்குப் போகவேண்டி வரும் என்று தண்ணீர் குடிக்காமல் இருந்து வருத்தம் தேடிக்கொள்வதை நான் கண்டிருக்கிறேன். இன்னும் சிலருக்கு, காணிக்கு உறுதி இல்லை. வெறும் வீட்டை விட்டுப் போனால் திரும்பி வரும்போது அது தங்களுடையதாக இருக்குமா என்ற பயம். உறவினர் வீட்டுக்குப் போனால் நிவாரணப் பட்டியலில் பெயர் விடுபட்டுவிடும் என்ற பயமும் உண்டு. இது மட்டும் சுலபமாகத் தீர்க்கக்கூடியது: யார் எங்கே போகிறார்கள் என்பதைக் கிராம சேவையாளரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

எங்கள் ஆட்களுக்கென்று இன்னொன்றும் இருக்கிறது, வெளியிலிருந்து வரும் பயிற்றுவிப்பாளர்கள் இதைக் கவனிப்பதில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, சண்டை நெருங்கி வர, வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்டது. இரண்டு நாளில் வந்துவிடலாம் என்று கதவைப் பூட்டித் திறப்பை மடியில் கட்டிக்கொண்டு போனவர்கள் மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில் திரும்பவில்லை. வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் எழும்பியவர்களில் முகாமிலேயே பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகளுக்கும் கலியாணம் செய்து வைத்தவர்கள் இருக்கிறார்கள். இடம்பெயருங்கோ என்ற சொல் அவர்கள் காதில் விழும்போது உங்களுக்குக் கேட்பதுபோலக் கேட்காது. நான் அந்தச் சொல்லைப் பாவிப்பதை விட்டுவிட்டேன். "இண்டைக்கு இரவு பள்ளிக்கூடத்திலை படுப்பம், தண்ணி வத்த நானே கொண்டுவந்து விடுறன்" என்று சொல்வேன். சொன்னபடி கொண்டுபோய் விடவும் வேண்டும். ஒருமுறை தவறினால் அடுத்த மாரிக்கு உங்கள் பேச்சு எடுபடாது.

இது என் அனுபவம் மட்டும் அல்ல. வங்காளதேசத்தில் 1970 புயலில் குறைந்தது 3 இலட்சம் பேர் செத்தார்கள். 2020இல் ஆம்பன் புயல் வந்தபோது 20 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அங்கே முன்னரே நகர்த்தினார்கள். இறந்தவர்கள் சில பத்துப் பேர்தான். இடைப்பட்ட ஐம்பது வருடத்தில் வானிலை அறிவிப்பு முன்னேறியது உண்மை. அதோடு சேர்த்து அவர்கள் செய்ததையும் பார்க்க வேண்டும்: ஊருக்குள்ளேயே பயிற்றப்பட்ட தொண்டர்கள், நடந்து போகக்கூடிய தூரத்தில் மாடிக் கட்டடங்கள், மாடுகளுக்கென்று மண்ணைக் குவித்து உயர்த்திய மேடுகள். அந்த மேடுகளைக் கில்லா என்கிறார்கள். மாட்டுக்கு இடம் கொடுத்ததால் மனிதன் வந்தான். உங்கள் ஊருக்கு அவ்வளவு பெரிய வேலை தேவையில்லை. கோயில் வீதியிலோ வாசிகசாலைக் காணியிலோ உயர்ந்த மூலை ஒன்றைப் பார்த்து, நாலு தூண், தகரக் கூரை, கட்டுவதற்குக் கம்பி, இவ்வளவும் போதும். காணிக்குப் பொறுப்பானவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆகவே பணத்தைப் பற்றிக் கேட்டால் என் ஒழுங்கு இதுதான். முதலில் ஆடு மாட்டுக்கு இடம். அடுத்தது கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்திலோ வேறெங்கோ எஞ்சின்களை வரிசையாகத் தூக்கி மாட்ட மரச்சட்டமும் ஒரு நல்ல பூட்டும், திறப்பு இரண்டு பேரிடம். மூன்றாவது, தங்கப்போகும் பள்ளிக்கூடத்து மலசலகூடங்களைத் திருத்துவது, கதவுக்கு உட்கொழுக்கி போடுவது, பாதைக்கு இரண்டு சோலர் விளக்கு. கொழுக்கி பெரிய செலவில்லை, ஆனால் நான் பார்த்த முகாம்களில் அது இல்லாமலே இருந்திருக்கிறது. நாலாவது, ஊருக்குள் காவல் நிற்கப் போகும் பொடியங்களுக்கு மழையங்கி, பூட்ஸ், டோர்ச், மிதவை அங்கி. காவலுக்கு ஆள் நிற்கிறது என்று தெரிந்தால் ஆண்கள் வீட்டை விட்டு வருவார்கள். மிச்சத்தைக் கையில் வைத்திருங்கள், ட்ராக்டருக்கு டீசல் அடிக்க உடனே காசு வேண்டி வரும். இதெல்லாம் ஆவணி, புரட்டாதிக்குள் முடிய வேண்டும். ஐப்பசி பிறந்த பிறகு தச்சரும் கிடைக்காது, காய்ந்த நிலமும் கிடைக்காது.

உலர் உணவுப் பொதி கொடுப்பதைக் குறை சொல்லவில்லை. அது பசிக்கு வேண்டும். ஆனால் வெள்ளம் வந்தால் அரசாங்கமும், கோயில்களும், தனியாட்களும் அதைத்தான் முதலில் கொண்டுவருவார்கள். கொழுக்கி போட ஒருவரும் வரமாட்டார்கள்.

பணம் செலவில்லாத, ஆனால் எல்லாவற்றிலும் முக்கியமான ஒரு வேலை இருக்கிறது. ஒரு கொப்பி வாங்குங்கள். வீட்டுக்கு ஒரு பக்கம். அந்த வீட்டில் தானாக நடந்து வரமுடியாதவர் யார், எத்தனை பேர் தூக்க வேண்டும், சக்கர நாற்காலியா, படுக்கையா. யாருக்கு இன்சுலின், யாருக்குச் சிறுநீரகச் சுத்திகரிப்பு, எந்தக் கிழமையில் எந்த நாள். பிள்ளைப்பேறு நெருங்கிய பெண் யார். செவிப்புலன் குறைந்தவர் யார், ஏனென்றால் அவருக்கு உங்கள் ஒலிபெருக்கி கேட்காது. சண்டையில் காலிழந்தவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். பொய்க்காலோடு சேற்றுத் தண்ணீரில் நடக்கமுடியாது என்பது நடக்க முயன்ற ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ஆளுக்கு எதிரே அவரைக் கூட்டிவரும் இரண்டு பேரின் பெயரை எழுதுங்கள். ஒருவர் அல்ல, இரண்டு பேர். அன்றைக்கு ஒருவர் கொழும்பில் நிற்கலாம். கடைசிக் கேள்வி: "நீங்கள் வெளிக்கிடுவதென்றால் உங்களுக்கு எது தடை?" பதிலை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். அந்தப் பக்கங்களைச் சேர்த்து வாசித்தால் மேலே நான் சொன்ன ஒழுங்கு உங்கள் ஊருக்குச் சரியா பிழையா என்று தெரிந்துவிடும். பிழையென்றால் என் ஒழுங்கை விடுங்கள், கொப்பி சொல்வதைச் செய்யுங்கள். ஒன்று மட்டும், இந்தக் கொப்பியைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். தனியாக இருக்கும் பெண்களின் வீடுகள் எவை என்று அதில் இருக்கும். உங்கள் கழகத்தில் ஒரு பெண், கிராம சேவையாளர், இந்த இருவரிடமும் ஒவ்வொரு பிரதி போதும்.

எப்போது வெளிக்கிடுவது என்பது அடுத்தது. இதில் உறுதியானதையும் உறுதியில்லாததையும் பிரித்துச் சொல்கிறேன். வளிமண்டலவியல் திணைக்களம் வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் உருவாகியிருக்கிறது என்று சொன்னால் அதை நம்பலாம். நாட்கணக்கில் முன்னரே சொல்கிறார்கள். அது எங்கே கரையேறும் என்பது நெருங்க நெருங்கத்தான் தெளியும். உங்கள் ஊரில் எவ்வளவு மழை பெய்யும் என்பதை எவராலும் முன்கூட்டி அளந்து சொல்ல முடியாது. புரெவி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறி, பலம் குறைந்து, மன்னார் வளைகுடாவில் போய் அசையாமல் நின்றது. பயந்த அளவுக்குக் காற்று இல்லை, ஆனால் மழை விடவில்லை. 2024 நவம்பரில் ஃபெங்கல் எங்கள் கரையை ஏறவே இல்லை, புதுச்சேரிக்குப் பக்கத்தில்தான் போய் ஏறியது. அதற்கு நாட்கள் முன்பே யாழ்ப்பாணத்தில் வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது. 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் இலங்கைக்குள் இறங்கியபோது மிகப் பெரிய உயிரிழப்பு மலையகத்தில், மண்சரிவில். ஆகவே புயலின் பெயரையும் தொலைக்காட்சியில் வரும் கோட்டையும் பார்த்து, எங்களுக்கு வராது என்று முடிவெடுக்காதீர்கள்.

இதற்கு எங்கள் பழைய ஆட்களிடம் ஒரு அளவுகோல் இருந்தது: கிணறு. யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணக்கல் நிலம், பெய்கிற மழையில் பெரும்பங்கைக் குடிக்கிறது. ஐப்பசியில் ஒரு நாள் கொட்டினால்கூடப் பல இடங்களில் மறுநாள் வடிந்துவிடும், ஏனென்றால் கீழே இடம் இருக்கிறது. கார்த்திகை நடுவில் நிலத்தடி நீர் மேலே வந்து, கிணற்றுக்குள் எட்டிக் கையால் அள்ளலாம் என்ற நிலை வந்துவிட்டால், அதற்குப் பிறகு பெய்கிற மழைக்குப் போக இடமில்லை. வெள்ளவாய்க்கால் வழியாகப் பரவைக்கடலுக்குத்தான் போக வேண்டும். அந்த நேரம் காற்று பரவைக்கடல் தண்ணீரைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு நின்றால் வாய்க்காலும் ஓடாது. உங்கள் ஊர் மூழ்குவது பெரும்பாலும் இந்த மூன்றும் சேர்கிற இரவில்தான். எனவே ஊரின் தாழ்ந்த பக்கத்தில் ஒரு கிணற்றைத் தெரிந்தெடுங்கள். கட்டின் உட்பக்கத்தில் பெயின்றால் மூன்று கோடு கீறுங்கள். ஒவ்வொரு நாளும் காலையில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையை விட்டுப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். எந்தக் கோட்டில் படுக்கையில் இருப்பவர்களை நகர்த்துவது, எந்தக் கோட்டில் ஆடு மாட்டைக் கொண்டுபோவது, எந்தக் கோட்டில் எல்லாரும் போவது என்று வெயில் காலத்திலேயே ஊர்க் கூட்டத்தில் முடிவெடுங்கள். கோடுகள் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று நான் சொல்ல முடியாது. போன மாரியில் எந்த வீட்டில் எப்போது தண்ணீர் வந்தது என்று ஞாபகம் உள்ளவர்களை நிறுத்தி வைத்துக் கேட்க வேண்டும். இரண்டு மாரி பார்த்தால் கோடு சரியாகிவிடும். திணைக்களத்தின் சிவப்பு எச்சரிக்கை வந்தால் கிணறு எப்படியிருந்தாலும் போக வேண்டியதுதான். காற்றைக் கிணறு சொல்லாது.

தண்ணீர் வற்றியதோடு வேலை முடிவதில்லை. கக்கூசுக் குழியும் கிணறும் ஒரே கல்லுக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, வெள்ளத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். கிணற்றை இறைத்துக் குளோரின் போடும் வரைக்கும் அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பும் எண்ணெயும் போகாது. குளோரின் அளவைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டே போடுங்கள். வேகமாக இறைத்தால் உவர் மேலே வந்துவிடும், கரையோரக் கிணறுகளில் கவனம். 2024 டிசம்பரில் வெள்ளத்துக்குப் பிறகு என்ன காய்ச்சல் என்று தெரியாமல் இளவயது ஆட்கள் இறந்தார்கள், பிறகுதான் அது எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. வயலுக்குள்ளும் வெள்ளத்துக்குள்ளும் இறங்குகிறவர்களுக்கு முன்கூட்டிக் குளிசை கொடுக்கிறார்கள், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். முதலில் போட வேண்டியது தூக்கிச் சுமந்த உங்கள் பொடியங்கள்தான். அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் பனடோலோடு வீட்டில் படுக்க விடாதீர்கள்.

வாய்க்காலை வெட்டி ஆழமாக்கலாமா என்று இடையில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அடைத்திருக்கும் குப்பையையும் சல்பீனியா என்ற நீர்க்களையையும் எடுப்பது எப்போதும் நல்லது, அதைச் சிரமதானமாகச் செய்யுங்கள். புதிதாக வெட்டுவதையோ மதகைப் பெரிதாக்குவதையோ நீங்களாகத் தொடங்காதீர்கள். சமதரையில் ஒரு சாண் வித்தியாசம் தண்ணீரை அடுத்த ஊருக்குத் திருப்பிவிடும், கோடையில் அதே வாய்க்காலால் உப்புத் தண்ணீர் உள்ளே வரும். பிரதேச சபையையும் நீர்ப்பாசனத்துக்குப் பொறுப்பானவர்களையும் கொண்டு மட்டம் பார்த்த பிறகுதான்.

காலநிலை மாற்றத்தால் இனி ஒவ்வொரு வருடமும் இப்படித்தானா என்றும் கேட்டீர்கள். காற்று ஒரு பாகை சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைத் தாங்கும், அதனால் பெய்தால் பலத்துப் பெய்வதற்கான வாய்ப்புக் கூடுகிறது, கடல்மட்டம் ஏறுகிறது. இவை உறுதி. வங்காள விரிகுடாவில் புயல்களின் எண்ணிக்கை கூடுமா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒரே கருத்து இல்லை. யாழ்ப்பாணம் இன்ன வருடத்தில் கடலுக்குள் போய்விடும் என்று முகநூலில் சுற்றும் படங்களை வைத்து ஊரில் ஒருவரையும் பயமுறுத்தாதீர்கள். இப்போதே உறுதியில்லாத காணியில் இருப்பவர்களுக்கு அந்தப் பயம் வேறுவிதமாக வேலை செய்யும்: எப்படியும் போகப்போகிற இடம்தானே என்று கிணற்றுக்கட்டையும் கட்டமாட்டார்கள்.

கடைசியாக, ஒலிபெருக்கி. கையில் பிடிக்கிற, பற்றரியில் வேலை செய்கிற ஒன்று வாங்குங்கள், பற்றரியைக் கழற்றி வெளியில் வையுங்கள், மாதம் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஒரு நிறுவனம் கொடுத்த அழகான பெட்டியைத் தேவைப்பட்ட இரவில் திறந்தபோது பற்றரி ஊறிப் பச்சை பிடித்திருந்ததைப் பார்த்தவன் நான். சைரன் வேண்டாம். எங்கள் ஊர்களில் அந்தச் சத்தத்துக்குச் சிலர் இன்னும் சண்டைக்காலத்துப் பங்கரை (பதுங்குகுழியை)த் தேடுவார்கள். கோயில் மணி இருக்கிறது, தேவாலய மணி இருக்கிறது; எந்த நேரத்தில் எத்தனை அடித்தால் என்ன அர்த்தம் என்று ஐயரோடும் சுவாமியோடும் கதைத்துப் பேசி வையுங்கள். அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ எல்லார் போனிலும் போட்டு வையுங்கள். கொப்பியை இந்தச் சனிக்கிழமையே தொடங்கலாம். பரவைக்கடல் பக்கத்துக் கடைசி வீட்டிலிருந்து உள்ளுக்கு வாருங்கள், றோட்டுப் பக்கத்திலிருந்து தொடங்கினால் பொழுதுபட்டுக் கடைசி வீடு விடுபட்டுவிடும்.